காற்றைப் பிடித்தலும் விடுதலும்

கொழும்புக் காலிமுகத் திடலிலே மாலை வேளையிற் பட்டம் ஏற்றுவாரைக் காணாத நகரவாசி இரார். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழுந் தமிழருட் பலர் வடபுலத்திலிருந்து வந்தோர். அச்சிறு பட்டங்களைக் காணுந்தோறும், வாடைக் காற்றில் இரவெல்லாம் விண் கூவ நின்ற ஊர்ப் பட்டங்களின் நினைவு அவர்களுக்கு எழும். முச்சை ஒரு விரற்கடை பிசகினாலும் பட்டம் தலைகீழாகக் குத்தும் என்பதை ஏட்டிற் படியாமலே அறிந்தவர்கள் அவர்கள். பாராகிளைடர் என்னும் பறக்குங் கருவியைப் புரிந்துகொள்ள அந்த அறிவே போதிய தொடக்கமாகும்.

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திற் பருத்தித்துறைப் பகுதியில் நிகழ்ந்த சம்பவமொன்றை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இளைஞர் சிலர் கூடிப் பெரும் பட்டமொன்றைத் தடித்த கயிற்றிற் கட்டி ஏற்றினர். பட்டம் திடீரென வலித்தெழுந்தபோது ஏனையோர் கயிற்றை விட்டுவிட்டனர். ஒருவர் மட்டும் விடவில்லை. அவர் ஏறத்தாழ 40 அடி உயரத்துக்குத் தூக்கப்பட்டு, அந்தரத்திலே தொங்கினார். பின்னர் பட்டம் சற்றுத் தாழ்ந்தபோது கீழே விழுந்து, சிறு காயங்களுடன் உயிர் தப்பினார். அந்தப் படக்காட்சி உலகெங்கும் பரவிற்று. கண்டோர் வியந்தனர், சிலர் நகைத்தனர். நகைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. கால்கள் நிலத்தைவிட்டு மூன்றடி எழும்பியபோது விட்டிருந்தால் முழங்கால் சிராய்ப்போடு போயிருக்கும். அடுத்த கணத்தில் விடுவதும் ஆபத்து, பிடித்திருப்பதும் ஆபத்து. விடுவதற்குரிய வேளை அத்துணைக் குறுகியது.

காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். மனிதனுடைய கைகள் இந்தக் கணக்கை அறியா. சற்று முன் இலேசாக இழுத்த கயிறு இப்போதும் அவ்வாறே இழுக்கும் என்று அவை நம்பிவிடுகின்றன.

பாராகிளைடரும் பட்டத்தின் வழிவந்ததே. அமெரிக்கரான டொமினா ஜால்பேர்ட் என்பவர் பட்டம் செய்வதில் வல்லவர். விறைத்த சட்டம் எதுவுமின்றி, முன்வாயினாற் புகுங் காற்றினாலேயே உப்பி உருப்பெறுஞ் சிறகொன்றை 1960களில் ஆக்கினார். 1978இல் பிரான்சு நாட்டு மியூசி என்னும் ஊரிற் பாராசூட் வீரர் மூவர், விமானத்திலிருந்து குதிக்காமல், மலைச்சரிவில் ஓடி அத்தகைய சிறகினாற் பறந்து இறங்கினர். விளையாட்டு அங்கிருந்து பரவிற்று. இமாசலப் பிரதேசத்துப் பீர், பில்லிங் என்னும் இடங்கள் இன்று அதற்குப் பேர்பெற்றவை.

சாதாரணச் சிறகு ஐந்தாறு கிலோ எடையுள்ளது. மலையேறுவோருக்கென இப்போது செய்யப்படும் இலேசான சிறகுகளிற் பல மூன்று கிலோவை எட்டுவதில்லை. சதுர மீற்றர் ஒன்றுக்கு முப்பது கிராமுக்குங் குறைந்த துணியும் அவற்றிற் பயன்படுகிறது. முதுகுப் பையில் அடங்கிவிடும் பொருள் என்ன தீங்கு செய்யும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் விரிந்தபின் அது இருபது சதுர மீற்றருக்கு மேற்பட்ட பாய். துணி இலேசாயிருப்பதால், காற்று வந்ததும் கனத்த சிறகைவிட விரைந்தெழும். முள்ளிலும் கல்லிலும் எளிதிற் கிழியும், நாண்களும் மெல்லியவை. வெயிலில் நெடுநேரம் கிடந்தால் துணி வலுவிழக்கும். நனைந்ததை உலர்த்தாமற் சுருட்டி வைப்பதும் கேடு.

ஆதலின் நல்ல ஆசிரியர்கள் மாணவரை முதலில் மலைக்கு அழைத்துச் செல்வதில்லை. தடையற்ற வெளியில் நிறுத்துவார்கள். தலைக்கவசம் அணிந்து, தொடைக் கச்சை பூட்டப்பட்டதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்து (இதை மறந்து உயிரிழந்தோர் உண்டு), காற்று முதுகிற்பட, சிறகை நோக்கி நிற்றல் வேண்டும். முன்வரிசை நாண்களை மெல்ல இழுத்தாற் சிறகு தலைக்குமேல் எழும். ஒருபக்கம் சாயுமாயின், சாய்ந்த பக்கமே நடந்து அதன் அடியிற் சென்று நிற்கவேண்டும். புதியவர் செய்யும் பிழை இதற்கு நேர்மாறானது: குதிகாலை ஊன்றி எதிர்த்து இழுப்பார். சிறகு இன்னும் வலுவாய் இழுக்கும். காற்று இழுத்துச் செல்லும்போது சிறகை நோக்கி ஓடுவதே முறை. நாண்கள் தளரும், பின்வரிசை நாண்களை ஒருசேர இழுத்தால் உப்பிய துணி சுருங்கி விழும். காற்றை எதிர்த்தல்ல, இணங்கியே அடக்கலாம். இது உள்ளம் ஏற்றுக்கொண்டாலும் கால்கள் ஏற்றுக்கொள்ளப் பல நாள் செல்லும்.

பறக்கத் தொடங்கியபின் அஞ்சவேண்டியது வேகமன்று, வேகக் குறைவு. இரு கைத்தடைகளையும் அளவுக்குமேல் இழுத்தாற் சிறகு தாங்குந் திறனை இழந்து வீழும். ஜெர்மனியரான ஓட்டோ லிலியன்தால் 1896 ஆகஸ்டில் வீழ்ந்திறந்ததும் தம் சறுக்குவானூர்தி இவ்வாறு தாங்குதிறன் இழந்ததனாலேயே. ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 2000 முறை பறந்து பழகியவர் அவர். சுமார் 50 அடி உயரமே. மறுநாள் உயிர் பிரிந்தது. உயரம் இருந்தால் தவற்றைத் திருத்த நேரமாவது கிடைக்கும். நிலத்தினருகே அதுவும் இல்லை.

வெள்ளவத்தைக் கடற்கரை கண்ணுக்குத் திறந்த வெளியாகத் தோன்றும். அங்கே சிறகு விரிக்க எண்ணுவோர் சற்று நின்று பார்த்தல் நலம். ஒருபுறம் கடல், நீரில் வீழ்ந்தால் நாண்கள் உடலைச் சுற்றிக்கொள்ளும். மறுபுறம் இருப்புப் பாதை. அதற்கப்பால் மரைன் டிரைவ் வீதியும் மாடிக் கட்டடங்களும். கடற்காற்று அக்கட்டடங்களில் மோதி, மேலேறி, பின்புறத்திற் சுழன்று விழும். அச்சுழல் கண்ணுக்குத் தெரியாது; மாடியில் உலரும் துணிகள் முன்னும் பின்னும் அலைவதைக் கொண்டே அறியலாம். கொட்டாஞ்சேனை மொட்டைமாடியிற் பட்டம் விடுஞ் சிறுவன் அதனை நன்கறிவான்: கூரைக்குச் சற்று மேலே தடுமாறும் பட்டம், இன்னுஞ் சிறிது உயர்ந்ததும் நிலைபெறுகிறது.

மலையுச்சிக்குச் சென்றபின்பும் காற்று ஒவ்வாத நாட்கள் உண்டு. மரக்கிளைகள் விட்டுவிட்டுக் குலுங்கும். முகில் கறுத்துக் குவியும். வெகுதூரம் வந்துவிட்டோமே, பறவாமற் போவதா என்ற எண்ணம் அப்போதுதான் ஒருவரைக் கெடுக்கும். இலேசான சிறகின் பெருஞ் சிறப்பு அவ்விடத்தே வெளிப்படுகிறது. மூன்று கிலோ எடைதானே. சுருட்டி முதுகிலிட்டு, வந்த வழியே நடந்து இறங்கிவிடலாம்.