மல்லி, கிராம்பு, அம்மா

இன்னைக்கு எபிசோட்ல ஒரே ஒரு பெர்ஃப்யூம் பத்திதான் பேசப்போறேன். செர்ஜ் லூட்டன்ஸோட 'சாராஸான்'. கிறிஸ்டோபர் ஷெல்ட்ரேக் உருவாக்கினது, 2007-ல வந்தது. முழு பாட்டில் வாங்குற அளவுக்கு என் சம்பளம் இல்லை. அதனால 5 மில்லி டீகேன்ட், அதாவது பெரிய பாட்டில்ல இருந்து பிரிச்சுக் கொடுக்கிற குட்டி ஸ்ப்ரேதான் வாங்கினேன்.

முதல்ல கண்ணுல பட்டது நிறம். பெர்ஃப்யூம்னா தண்ணி மாதிரியோ, லேசான மஞ்சளாவோ இருக்கும்ல? இது பேனா மை மாதிரி அடர் ஊதா. துணி மேல அடிக்காதீங்க, தோல்ல மட்டும் அடிங்க.

மணிக்கட்டுல ஒரு ஸ்ப்ரே. உடனே மல்லி. ஆனா ரூம் ஃப்ரெஷ்னர் மல்லி இல்லை. சாயங்காலம் வச்ச பூ, ராத்திரி பதினோரு மணிக்குத் தலையணையில கசங்கிக் கிடக்குமே, அந்த மல்லி. இதுக்குக் காரணம் இண்டோல். நிஜ மல்லிகைப் பூவிலேயே இருக்கிற வேதிப்பொருள். தனியா மோந்தா அந்துருண்டை மாதிரி இருக்கும். ஆனா அது கொஞ்சமா இருந்தாதான் மல்லி மல்லியா இருக்கும். அதை எடுத்துட்டா சோப்பு வாசனைதான் மிஞ்சும்.

பத்து நிமிஷம் கழிச்சு காரம் வருது. மிளகாய்க் காரம் இல்லை, கிராம்புக் காரம். இதுல கார்னேஷன் பூவோட வாசனையும் இருக்கு. கார்னேஷனும் கிராம்பும் வாசனையில சொந்தக்காரங்க. ரெண்டுலயும் யூஜினால்னு ஒரு பொருள் இருக்கு. பல்வலிக்குப் பஞ்சுல தொட்டு வைக்கிற கிராம்பு எண்ணெய் ஞாபகம் இருக்கா? அதேதான். கடைசியில, பழைய தோல் பை மாதிரி ஒரு வாசனை கையோட ஒட்டிக்கிட்டு நிக்குது.

எனக்கு இது எதையோ ஞாபகப்படுத்துச்சு. எதைன்னு பிடிபடல. சமையலறையில இருந்த அம்மாகிட்ட கையை நீட்டி, "மோந்து பாரும்மா"ன்னேன்.

அம்மா யோசிக்கவே இல்லை. "கல்யாண வீடுடா. சாப்பிட்டு முடிச்சு பீடா போடுற நேரம்."

சரியாச் சொல்லிட்டாங்க. தலையில மல்லி, பீடாவுல குத்தியிருக்கிற கிராம்பு, மண்டபத்துக் கூட்டத்தோட வியர்வை. மூணும் சேர்ந்த வாசனை.

இங்க ஒண்ணு சொல்லணும். அப்பா இறந்து ஏழு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் அம்மா பூ வைக்கிறதில்லை. வைக்கக்கூடாதுன்னு நாங்க யாரும் சொல்லல. வைங்கன்னும் சொல்லல. இந்த ரெண்டாவதுதான் இப்போ என்னை உறுத்துது. மதுரை மல்லிக்கு 2013-ல புவிசார் குறியீடு கிடைச்ச கதையெல்லாம் ஊருக்குச் சொல்றவன் நான். வீட்டுல ஒருத்தங்க ஏழு வருஷமா அந்த வாசனை இல்லாம இருக்காங்கன்னு எனக்குத் தோணவே இல்லை.

அன்னைக்குத்தான் முதல் தடவையா கேட்டேன். "பூ வாங்கிட்டு வரட்டுமாம்மா?"

"வேணாம்டா. பாக்கிறவங்க ஏதாவது சொல்லுவாங்க." கொஞ்ச நேரம் பாத்திரத்தைத் தேய்ச்சாங்க. அப்புறம் என் கையைக் காட்டி, "அது எவ்வளவு நேரம் இருக்கும்?"னு கேட்டாங்க.

போன மாசம் சொந்தத்துல ஒரு கல்யாணம். கிளம்புறப்போ அம்மா தானா மணிக்கட்டை நீட்டினாங்க. புடவையில படாம ஒரே ஒரு ஸ்ப்ரே அடிச்சேன். மண்டபத்துல வழக்கம்போல கடைசி வரிசையிலதான் உட்கார்ந்தாங்க. பந்தி முடிஞ்சு பீடாவை வாங்கினப்போ மட்டும் கையை மூக்குகிட்ட கொண்டுபோனாங்க. நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கிட்டேன்.

ஒரு பெர்ஃப்யூம் எந்த வழக்கத்தையும் மாத்திடாதுன்னு எனக்குத் தெரியும். அடுத்தவங்க கண்ணுக்குத் தெரியாததாலதான் இதை அம்மாவால போட்டுக்க முடிஞ்சது. அதுல சந்தோஷம் பாதி, வருத்தம் பாதி. பூ வைக்கிறதும் வேணாங்கிறதும் அம்மாவோட முடிவு. ஆனா கேக்கிறது என் வேலை. அதை ஏழு வருஷம் செய்யாம விட்டுட்டேன்.

சரி, 'சாராஸான்' யாருக்குப் பிடிக்கும்? சுத்தமான, வெள்ளை மல்லி வேணும்னு நினைக்கிறவங்களுக்கு இல்லை. நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு ஸ்ப்ரே போதும், ரெண்டு அதிகம். என்கிட்ட இப்போ பாதிதான் மீதி இருக்கு. அது அம்மாவோட அலமாரியில இருக்கு.

உங்க வீட்டுல யாராவது பூ வைக்கிறதை நிறுத்தியிருந்தா, ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.