அம்மாச்சி எங்கே?



சில ஆண்டுகளுக்கு முன்பு, மே மாத விடுமுறையில் அம்மா, தங்கை, மைத்துனர், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் எல்லாரோடும் கொடைக்கானல் போயிருந்தேன். சலேத் மாதா ஆலயத்தில் செபித்துவிட்டு ஏரிக்கு வந்தோம். அன்றைய திட்டம் என்னுடையது. ஒரு மணி நேரத்தில் ஏரியைச் சுற்றி முடிக்க வேண்டும். மூடுபனி இறங்குமுன் தூண் பாறைகளைப் பார்த்துவிட வேண்டும்.

அந்த ஏரி இயற்கையாக அமைந்தது அல்ல. மதுரை ஆட்சியராக இருந்த வேரே லெவிஞ்ச், 1863-இல் ஓடைக்குக் கரை கட்டி உருவாக்கியது. பள்ளங்களில் எல்லாம் நீர் புகுந்து, நட்சத்திரம் போலக் கிளை விரித்துக் கிடக்கிறது. சுற்றுப்பாதை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். கரையோடு சேர்ந்து பாதையும் வளைந்து வளைந்து போவதால், முன்னே நடப்பவருக்குப் பின்னே வருபவர் தெரியமாட்டார்.

நானும் மைத்துனரும் பெரியவனும் வேகமாக நடந்தோம். பாதிச் சுற்று முடிந்திருக்கும். பையன் நின்று கேட்டான்: "சாமி மாமா, அம்மாச்சி எங்கே?"

சின்னவள் குதிரைச் சவாரி கேட்டு அடம்பிடித்ததால் தங்கை பின்தங்கிவிட்டாள். அம்மா எங்களோடு இருப்பதாக அவள் நினைத்தாள். அவளோடு இருப்பதாக நாங்கள் நினைத்தோம். எருசலேமிலிருந்து திரும்பிய யோசேப்பும் மரியாவும் இப்படித்தானே நினைத்தார்கள்!

திரும்பி ஓடினோம். மூன்றாவது வளைவில், ஒரு மரத்தடியில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அம்மா உட்கார்ந்திருந்தார். குதிகாலில் கொப்புளம். கையில் செபமாலை. "ஏம்மா, கூப்பிட்டிருக்கலாமே?" என்றேன். "நீங்க சந்தோஷமா போய்க்கிட்டிருந்தீங்க சாமி. நான் எதுக்குக் குறுக்கேன்னு உக்காந்துட்டேன்" என்றார்.

நான் குருவான நாளிலிருந்து அம்மா என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அன்று எனக்கு உறைத்தது இதுதான்: பெற்ற மகனையே "நில்லுடா" என்று சொல்ல முடியாத இடத்தில் அம்மாவை நான் வைத்திருக்கிறேன்.

தொடக்கநூல் 33-ஆம் அதிகாரத்தில் ஒரு காட்சி. பிரிந்திருந்த அண்ணன் ஏசா, தம்பி யாக்கோபைச் சந்தித்து, "வா, சேர்ந்து போவோம்" என்று அழைக்கிறார். யாக்கோபோ, பிள்ளைகள் இளையவர்கள், ஆடுமாடுகள் பால் கொடுப்பவை, அவர்களுடைய நடைக்கு ஏற்பவே நான் மெல்ல வருவேன் என்கிறார். முந்தின இரவுதான் அவருக்குத் தொடைச்சந்து விலகியிருந்தது. நொண்டி நடந்தவருக்கு மெல்ல நடப்பவரின் வலி தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

மீதித் தூரத்தை அம்மாவின் நடையில் நடந்தோம். தூண் பாறைகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது எதிரே வெள்ளைத் திரை. 400 அடி உயரமுள்ள மூன்று பாறைகளில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நெடுநேரம் காத்திருந்தோம், பனி விலகவில்லை. பிள்ளைகளின் முகம் வாடிப்போனது. "அதுக்கென்ன, இன்னொரு நாள் பார்த்துக்கலாம்" என்றார் அம்மா.

அந்த இன்னொரு நாள் வரவில்லை. அடுத்த ஆண்டு முழங்கால் வலியால் அம்மாவுக்கு மலைப்பயணம் முடியாமல் போயிற்று. கோடிக்கணக்கான ஆண்டுகளாக நிற்கும் அந்தப் பாறைகள் இன்னும் அங்கேயேதான் நிற்கின்றன. அவற்றைத் தவறவிடுவோமோ என்று பயந்துதான் அன்று அம்மாவைத் தவறவிட்டிருக்கிறேன்.

அன்பானவர்களே, காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கால் வீங்கியவருக்காக நிழலில் நின்று காத்திருப்பார்கள். நம் வீட்டுப் பயணத்திலும் அப்படி நிற்கிறோமா? படிப்பில் மெதுவான பிள்ளை, வேலை போன கணவர், காது மந்தமான தாத்தா. இவர்கள் பெரும்பாலும் நம்மைக் கூப்பிடமாட்டார்கள். "நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிடுவார்கள்.

இந்த விடுமுறையில் எங்கே போனாலும், வீட்டில் மெதுவாக நடப்பவரை முன்னே விடுங்கள். அவர் பின்னே நீங்கள் நடங்கள். ஒரு காட்சி குறையலாம். ஓர் ஆள் குறையக்கூடாது.

ஆண்டவர் உங்களையும் உங்கள் குடும்பத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.