முகவரி தெரிந்தால் மீதி தெரியும்



பிட்கொயின் என்ற கணினிக் காசைப் பற்றி இப்போது லாச்சப்பல் கடைகளிலும் கதை அடிபடுகிறது. அதை வாங்குங்கள் என்றோ வாங்காதீர்கள் என்றோ சொல்ல நான் வரவில்லை. ஒரு முகவரியில் எவ்வளவு காசு இருக்கிறது என்று பார்க்க உதவும் மென்பொருளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கையில் வைத்திருப்பவருக்கு மட்டுமல்ல, "போடுங்கோ, மூன்று மாதத்தில் இரட்டிப்பாகும்" என்று யாராவது சொல்லக் கேட்டவருக்கும் இது தேவை.

நாங்கள் சீட்டுப் போட்டால் கணக்குக் கொப்பி சீட்டுக்காரரிடம் இருக்கும். உண்டியலில் ஊருக்குக் காசு அனுப்பினால், அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து "காசு வந்திட்டுதோ?" என்று கேட்பதுதான் சரிபார்ப்பு. வங்கிக் கணக்கு வங்கிக்கும் எங்களுக்கும் மட்டுமே தெரியும்.

பிட்கொயின் அப்படியல்ல. அதன் கணக்குக் கொப்பி 2009 ஜனவரி 3ஆம் திகதி தொடங்கியது. அன்றிலிருந்து நடந்த ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் அதில் இருக்கிறது. அதன் பிரதி உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் உள்ளது. யாரும் திறந்து பார்க்கலாம். பெயர் இராது, எழுத்தும் இலக்கமும் கலந்த நீண்ட முகவரிகள்தான் இருக்கும்.

அந்தக் கொப்பியைப் புரட்டித் தருவதுதான் நான் சொல்லும் மென்பொருள். பிட்கொயினுக்கு மெம்பூல் ஸ்பேஸ், புளொக்செயர் போன்ற தளங்கள் உள்ளன. எதேரியம் காசுக்கு ஈதர்ஸ்கான் உள்ளது. முகவரியைப் பதிந்தால் மீதி தெரியும்; கட்டணம் இல்லை. பிட்கொயின் கொப்பியில் "மீதி" என்று ஒரு வரி கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. அந்த முகவரிக்கு வந்து இன்னும் செலவாகாமல் கிடக்கும் தொகைகளை மென்பொருள்தான் கூட்டிச் சொல்கிறது. சில தளங்கள் தொகையை சதோசி என்ற சில்லறையில் காட்டும். 10 கோடி சதோசி சேர்ந்தால்தான் ஒரு பிட்கொயின். பெரிய இலக்கத்தைக் கண்டு மயங்க வேண்டாம்.

இன்னொன்று, அனுப்பிய காசு உடனே கொப்பியில் ஏறிவிடாது. ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் புதிய பக்கம் சேர்கிறது. "உறுதியாகவில்லை" என்று தளம் காட்டும்வரை பொருளைக் கையில் கொடுக்காதீர்கள்.

சரி, இதனால் எங்களுக்கு என்ன பயன்? எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் ஒரு தளத்தில் 2,000 யூரோ போட்டிருந்தார். கைத்தொலைபேசியைத் திறந்து 9,000 யூரோ ஆகிவிட்டதென்று காட்டினார். "அக்கா, அந்தக் காசு கிடக்கிற முகவரி எது?" என்று மட்டும் கேட்டேன். அவரிடம் முகவரி இல்லை. அவர்களிடம் கேட்டபோது, முதலில் 1,200 யூரோ வரி கட்டச் சொன்னார்கள். அக்கா கட்டவில்லை, பொலிசில் முறைப்பாடு கொடுத்தார். போட்ட 2,000 இன்றுவரை திரும்பவில்லை. திரையில் அவர் பார்த்தது அவர்கள் எழுதிய இலக்கம். பொதுக் கொப்பியில் இருந்ததல்ல.

ஒழுங்கான நிறுவனங்களும் பலருடைய காசை ஒன்றாக வைத்திருப்பதால், உங்களுக்கென்று தனி மீதி காட்டாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் சொந்த முகவரிக்கு எடுத்துத் தருவார்கள். சிறு தொகையை அப்படி எடுத்து, பொதுத் தளத்தில் நீங்களே பாருங்கள். பிரான்சின் நிதிச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான ஆ.எம்.எஃப், அனுமதியற்ற தளங்களின் கறுப்புப் பட்டியலை வெளியிடுகிறது. காசு போடுமுன் அதையும் பாருங்கள்.

மீதி பார்க்க முகவரி ஒன்றே போதும். உங்கள் 12 அல்லது 24 இரகசியச் சொற்களைக் கேட்கும் தளம் மீதி பார்க்கும் தளமல்ல, திருடும் தளம். சொற்களைக் கொடுத்தால் பெட்டிச் சாவியைக் கொடுத்தது போல.

கடைசியாக ஒன்று. நீங்கள் பார்க்கக்கூடிய மீதியை மற்றவரும் பார்க்கலாம். முகவரி உங்களுடையது என்று தெரிந்த அன்றே உங்கள் காசு ஊருக்குத் தெரிந்துவிடும். பாரிசில் தலைமையகம் உள்ள லெட்ஜர் நிறுவனம் இக்காசுக்கான சாவிக் கருவி செய்கிறது. அதன் வாடிக்கையாளர் ஏறத்தாழ 2,70,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம் ஆகியவை 2020 டிசம்பரில் இணையத்தில் வெளியாகின. 2025 ஜனவரியில் அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரே கப்பத்துக்காகக் கடத்தப்பட்டு, பொலிசாரால் மீட்கப்பட்டார். ஆகவே முகவரியை வட்சப் குழுவில் போடாதீர்கள். கல்யாண வீட்டில் திரையைத் திறந்து காட்டாதீர்கள். காசு வாங்கவேண்டி வந்தால், ஒவ்வொரு தடவையும் புதிய முகவரி கொடுங்கள். உங்கள் பணப்பை மென்பொருளே அதை உருவாக்கித் தரும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால், இன்று மாலை அவர்களோடு அமர்ந்து ஒரு பொதுத் தளத்தைத் திறந்து பாருங்கள். கொப்பியை ஒருமுறை பார்த்தவரை ஏமாற்றுவது கடினம்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.