கடிகாரத்தோடு ஒரு பந்தயம்



கம்பம் பள்ளத்தாக்கிலே பிறந்தவர்களுக்குப் பந்தயம் புதிதன்று. திருவிழாக் காலம் வந்துவிட்டால் எங்கள் பக்கத்துச் சாலைகளில் இரட்டை மாட்டு வண்டிகள் பறக்கும். அங்கே எல்லா மாடுகளையும் ஒன்றாக ஓட விடுவதில்லை. பூஞ்சிட்டு, தட்டான்சிட்டு, தேன்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று தரம் பார்த்துப் பிரிப்பார்கள். சிட்டினைப் பெரிய மாட்டோடு போட்டியிடச் செய்வது நியாயமன்று என்பதை எங்கள் உழவர்கள் நன்கு அறிவர். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட மோட்டார் விளையாட்டிலும் அதே நியாயம் உண்டு. அங்கே எஞ்சினின் அளவு பார்த்துப் பிரிப்பார்கள். அவ்விளையாட்டுக்கு ஆட்டோகிராஸ் என்று பெயர்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியனுக்குக் கார்ப் பந்தயத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். என்னிடம் படித்த மாணவன் ஒருவன், கல்லூரியில் சேர்ந்த பிறகு, லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைச்சாலையில் வேறொருவனோடு பந்தயம் கட்டினான். ஒரு வளைவிலே தந்தையின் கார் உருண்டது. அவன் பிழைத்துக்கொண்டான், அருகில் அமர்ந்திருந்த நண்பனுக்கு ஒரு கால் போயிற்று. மருத்துவமனைக்குச் சென்று அவனை நான் கடிந்து பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஐயா, வேகமாக ஓட்ட ஆசைப்படுகிறவன் எங்கே போய் ஓட்டுவது?” என்றான். முப்பது ஆண்டுகள் பிறரைக் கேள்வி கேட்டே பழகிய எனக்கு அன்று விடை தெரியவில்லை.

பொதுச்சாலை அதற்கு உரிய இடமன்று என்பது மட்டும் தெரியும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 189ஆம் பிரிவில், அரசின் எழுத்து மூலமான இசைவு இல்லாமல் பொது இடத்தில் பந்தயம் ஓட்டுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. 2019இல் தண்டனையையும் உயர்த்தினார்கள். ஆனால், ‘செய்யாதே’ என்று சொல்லும் சட்டம், ‘எங்கே செய்யலாம்’ என்று சொல்வதில்லையே!

அந்த விடை நம் நாட்டிலேயே இருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதை ஒன்று உண்டு. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் அங்கே பல ஆண்டுகள் பந்தயங்கள் நடத்தினர். வீட்டுக்குக் காய்கறி வாங்கிவரும் பியட்டும் ஹெரால்டும் அங்கே ஓடின. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே தடம் அமைந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன், எளிய மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டே பந்தய வண்டிகளைச் செய்து இளைஞர்களைப் பழக்கினார். அவர் 1995இல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரால் செட்டிபாளையத்தில் 2003இல் ஓர் ஓட்டத் தடம் திறக்கப்பெற்றது.

தடத்திலே பலர் ஒருங்கே ஓடும் பந்தயத்துக்குப் பொருளும் பயிற்சியும் மிகுதியாக வேண்டும். ஆட்டோகிராஸ் அப்படியன்று. திறந்த திடலிலே, மண் தரையிலோ தார்த் தரையிலோ, கூம்புகளை நட்டு வளைந்து செல்லும் பாதை ஒன்றை அமைப்பார்கள். பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான் ஓடும், போட்டி கடிகாரத்தோடு. கூம்பைச் சாய்த்தால் நேரம் கூடும்; பாதை தவறினால் அந்த ஓட்டம் கணக்கில் சேராது. ஓட்டத்துக்கு முன்னே பாதை முழுவதையும் காலால் நடந்து பார்க்க விடுவார்கள். என் அனுபவத்தில், வென்றவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று முறை நடந்தவர்களே. தேர்வுக்கு முன் வினாத்தாளைக் கையில் கொடுத்தும் படிக்காதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்!

இனிப் பௌதிகத்துக்கு வருவோம். வளைவிலே வண்டி திரும்புவதற்கு வேண்டிய மையநோக்கு முடுக்கம், வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்கிறீர்கள் என்று கொள்வோம். 100ஐ 20ஆல் வகுத்தால் 5. உலர்ந்த தார்த் தரையில் சாதாரண டயர் ஏறத்தாழ 7 அல்லது 8 வரை தாங்கும்; ஆகவே இடரில்லை. வேகத்தை 54 ஆக்குங்கள். விநாடிக்கு 15 மீட்டர். 225ஐ 20ஆல் வகுத்தால் 11-க்கும் மேல். டயர் தாங்காது; வண்டி வெளியே வழுக்கும். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடிற்று; தேவையோ இரண்டேகால் மடங்கு. திடலிலே இதன் விலை ஒரு கூம்பு. மலைச்சாலையில் அந்த நண்பன் கொடுத்த விலை உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. டயரின் பிடிமானம் ஒரே பானைச் சோறு போன்றது. பிரேக்குக்கு முழுவதையும் பரிமாறிவிட்டால் திரும்புவதற்கு மிஞ்சாது. எனவே நேராகச் செல்லும்போதே பிரேக் பிடித்து, வேகத்தைக் குறைத்த பின் வளைய வேண்டும். மாருதி போன்ற முன்சக்கர இயக்கக் கார்களில், வளைவின் நடுவே ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மூக்கு வெளிப்பக்கமே ஓடும்; வளைவு நிமிரும் வரை காத்திருப்பது நன்று. கண்ணும் அருகிலுள்ள கூம்பில் நிற்கலாகாது. அடுத்ததற்கும் அடுத்ததைத் தேட வேண்டும்.

வண்டிக்கு ஆடம்பரம் எதுவும் தேவையில்லை. பிரேக், டயர், சக்கரத்தின் நட்டுகள், இருக்கைப் பட்டை ஆகியவை குறையில்லாமல் இருக்க வேண்டும். பேட்டரி ஆடாமல் இறுகியிருக்க வேண்டும். ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர்ப் புட்டி முதலியவற்றை இறக்கிவிட வேண்டும். காலடியில் உருளும் புட்டி பிரேக்கின் கீழ்ப் புகுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். தலைக்கவசம் கட்டாயம். வாகனம் ஓட்டும் உரிமத்துக்குப் 18 வயது நிறைய வேண்டும். முறையான போட்டிகளுக்கு இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு வழங்கும் உரிமமும் வேண்டும். பள்ளி மாணவர்கள் அதுவரை பார்வையாளராகச் சென்று, நேரம் குறித்துப் பழகலாம்.

நான் முதன்முதலில் இதைக் கண்டது அந்த மாணவனோடுதான். அவன் தன் பழைய மாருதியைக் கொண்டுவந்தான். செயற்கைக் கால் பொருத்திக்கொண்ட நண்பனும் வந்தான். வருவானா என்று எனக்கு ஐயம் இருந்தது. அவர்கள் ஓராண்டு பேசாமல் இருந்தவர்கள். முதல் ஓட்டத்தில் வளைவுக்கு வளைவு டயர்கள் கதறின. நான்கு கூம்புகள் சாய்ந்தன. ஓரத்தில் நின்ற நண்பன், “பார்க்க வேகமாகத்தான் இருந்தது, கடிகாரம் அப்படிச் சொல்லவில்லை” என்றான். பிறகு இருவரும் பாதையை மறுபடி நடந்தார்கள், அவன் காலுக்கு ஏற்ற வேகத்தில், மெதுவாக. மூன்றாம் ஓட்டத்தில் டயர்களின் ஓசையே கேட்கவில்லை. ஒரு கூம்பும் சாயவில்லை. நேரம் ஆறு விநாடி குறைந்திருந்தது. நண்பன் அதை என் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமும் இட்டான்.