உணவுக்கு முன் ஒரு நிமிடம்

சிட்னியின் மேற்கில், தாருக் மக்களின் மண்ணில் நின்று பேசுகிறேன். எனக்குத் தந்த தலைப்பு, சாப்பாட்டு ஜெபம். இலக்கிய மேடையில் இது எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். ஆகவே இலக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன்.

சார்ல்ஸ் லாம் என்ற ஆங்கிலக் கட்டுரையாளரின் 'எலியா' தொகுப்பு 1823இல் வந்தது. அதில் உணவுக்கு முன் சொல்லும் ஜெபத்தைப் பற்றி ஒரு கட்டுரை உண்டு. நாளைய சாப்பாடு நிச்சயமில்லாத ஏழையின் மேசையில் அந்த ஜெபம் பொருந்துகிறது. வகைவகையாய்ப் பரப்பி வைத்த பணக்கார விருந்தில், நாக்கில் நீர் ஊறிக்கொண்டிருக்கும்போது, அது பொருந்தவில்லை என்கிறார் லாம். நல்ல புத்தகத்தைத் திறக்குமுன் ஏன் ஜெபம் செய்வதில்லை என்றும் கேட்கிறார்.

லாமின் கேள்வி இன்று நம்மைத்தான் தொடுகிறது. நம் வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி நிறைந்திருக்கிறது. பிள்ளைகள் கேட்கிறார்கள்: "சமைச்சது அம்மா, காசு குடுத்தது அப்பா. பிறகு ஏன் கடவுளுக்கு நன்றி?"

இந்த நிறைவு சிட்னிக்கு எப்போதும் இருந்ததல்ல. 1790 மார்ச்சில் சிரியஸ் என்ற கப்பல் நோர்ஃபோக் தீவருகே உடைந்தது. குடியேற்றத்தில் பங்கீட்டு உணவு மேலும் குறைந்தது. ஆளுநர் ஆர்தர் பிலிப்பின் விருந்துக்குப் போனவர்கள்கூடத் தங்கள் ரொட்டியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தட்டருகே வைத்தார்கள் என்று வாட்கின் டென்ச் எழுதியிருக்கிறார். இதே ஊரில்தான்.

வேதாகமத்தில் என்னை அதிகம் அசைத்த சாப்பாட்டு ஜெபம் ஒரு கப்பலில் நடக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள், 27ஆம் அதிகாரம். புயலில் பதினான்கு நாட்கள்; கப்பலில் 276 பேர். பவுல் அப்பத்தை எடுத்து, எல்லாருக்கும் முன்பாகக் கடவுளுக்கு நன்றி சொல்லி, பிட்டுச் சாப்பிடத் தொடங்குகிறார். அப்போது யாரும் கரை சேரவில்லை. கப்பலும் பிறகு உடையத்தான் போகிறது. தப்பித்த பிறகு சொல்லும் நன்றி எல்லாருக்கும் வரும். இது அதற்கு முந்திய நன்றி. திருவிருந்தைக் குறிக்கும் 'யூக்கரிஸ்தியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கே நன்றி கூறல் என்றுதான் பொருள்.

நம்மவர்களுக்கு இது அந்நியமான கதையல்ல. படகில் வந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் கஞ்சியைக் கையில் வாங்குகிறோம். அரிசி, தண்ணீர், கொஞ்சம் உப்பு. 2009இல் உயிரைப் பிடித்துவைத்தது அதுதான். அதைக் குடிக்கும்போது எந்த மதத்தவரும் பேசிக்கொண்டு குடிப்பதில்லை. அந்த மௌனமும் ஒரு ஜெபம்தான் என்று நான் நம்புகிறேன். அந்தக் கஞ்சிகூடக் கிடைக்காமல் போனவர்களை நினைக்காமல் எந்த நன்றியையும் என்னால் சொல்ல முடியாது.

அப்படியானால் பிள்ளைக்கு என்ன பதில்? முதலில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நன்றி சொல்லட்டும். பிறகு ரிவரினாவில் நெல் விளைவித்தவருக்கு, இரவெல்லாம் லொறி ஓட்டியவருக்கு. அப்படியே பின்னால் போனால் மழையில் வந்து நிற்போம். மழையை யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. வள்ளுவரும் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பைத்தான் வைத்தார். விலை கொடுக்காமல் வந்த அந்த இடத்தில் கிறிஸ்தவர் தலை குனிகிறார்.

இன்னொன்று. இயேசு கற்றுத்தந்த ஜெபத்தில் அப்பத்தை 'எனக்கு' என்று கேட்பதில்லை, 'எங்களுக்கு' என்று கேட்கிறோம். அந்தப் பன்மைக்குள் பக்கத்து வீட்டுக்காரரும், வேலை செய்ய அனுமதியில்லாமல் விசாவுக்குக் காத்திருப்பவரும் அடக்கம். அவர்களுக்கும் ஒரு தட்டு வைத்தால், லாமின் பணக்கார மேசையிலும் அந்த ஜெபம் பொருந்தும்.