எந்தக் குழு சிறந்த குழு?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரு விளையாட்டுச் செய்தி. பந்து உதைப்பவர்களுக்குத்தானே இது என்று தாய்மார்கள் எழுந்து போய்விட வேண்டாம். கேட்டு முடிக்கும்போது, இது நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு என்பது உங்களுக்கே விளங்கும்.

பல ஆண்டுகளுக்கு முன் மலாக்கா மாநிலத்தில், ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் நடந்த காற்பந்துப் போட்டியைப் பார்க்க நாம் போயிருந்தோம். ஆறு தோட்டங்கள் கலந்துகொண்ட போட்டி அது. கடைசி நாள் பெருமழை. திடலில் கணுக்கால் அளவு தண்ணீர். இறுதி ஆட்டம் நடத்த வழியில்லை. ஏற்பாட்டாளர்கள் கூடிப் பேசி, ஒரு முடிவுக்கு வந்தார்கள். "ரசிகர்களே தீர்ப்புச் சொல்லட்டும். ஆளுக்கு ஒரு துண்டுத்தாளில் சிறந்த குழுவின் பெயரை எழுதிப் பிஸ்கட் டின்னில் போடுங்கள். எந்தப் பெயர் அதிகமோ அந்தக் குழுவுக்கே சுழற்கிண்ணம். பட்டணத்துப் போட்டிக்கும் அந்தக் குழுவே போகும்" என்றார்கள்.

எல்லாருக்கும் அது நியாயமாகவே பட்டது. எண்ணிப் பார்த்தார்கள். மூன்று லாரி நிறைய ஆட்களோடு வந்திருந்த பெரிய தோட்டமே வென்றது. ஆனால், அந்தப் பெரிய தோட்டத்தை முந்திய வாரம்தான் ஆறு தோட்டங்களிலும் மிகச் சிறிய தோட்டம் இரண்டு கோல் போட்டுத் தோற்கடித்திருந்தது. சிறிய தோட்டத்தில் மொத்தம் இரண்டே லயங்கள். வந்திருந்தவர்கள் இருபது இருபத்தைந்து பேர். அந்தப் பையன்கள் சண்டை போடவில்லை. நனைந்த சட்டையைப் பிழிந்து போட்டுக்கொண்டு, மண் சாலையில் நடந்து போனார்கள். மறு ஆண்டு அந்தத் தோட்டத்திலிருந்து குழுவே வரவில்லை.

நேயர்களே, இதில் யார் செய்தது தப்பு? யாரும் கள்ள ஓட்டுப் போடவில்லை. டின்னில் யாரும் கைவைக்கவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? அவரவர் தோட்டத்தின் பெயரை அவரவர் எழுதினார்கள். தப்பு மனிதர்களிடம் இல்லை, முறையில் இருந்தது. எந்தக் குழு நன்றாக ஆடியது என்பதே கேள்வி. கிடைத்த பதிலோ, எந்தத் தோட்டத்திலிருந்து அதிக லாரி வந்தது என்பது.

இது நம் தோட்டத்தில் மட்டும் நடக்கிற கூத்து இல்லை. அமெரிக்காவில் பேஸ்பால் என்றொரு ஆட்டம் உண்டு. ஆண்டுதோறும் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுத்து ஒரு சிறப்பு ஆட்டம் நடத்துவார்கள். ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ரசிகர்களிடம் இருந்தது. 1957ஆம் ஆண்டில் சின்சினாட்டி என்ற நகரத்துப் பத்திரிகை, தங்கள் ஊர்க்காரர்களின் பெயர்களை முன்கூட்டியே நிரப்பிய ஓட்டுச்சீட்டை அச்சிட்டு விநியோகித்தது. ஓட்டுகள் குவிந்தன. எட்டு இடங்களில் ஏழு இடங்களை அந்த ஒரே ஊரின் குழு பிடித்துக்கொண்டது. ஆட்டத்தின் தலைமை ஆணையர் தலையிட்டு, அவர்களில் இருவரை நீக்கிவிட்டு வேறு இருவரைப் போட்டார். அதன் பிறகு 1970 வரை ரசிகர்களுக்கு ஓட்டுரிமையே இல்லாமல் போயிற்று. ஓர் ஊரார் அளவு மீறியதால் எல்லா ஊராரும் உரிமை இழந்தார்கள்.

அதற்காக ரசிகர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடலாமா? கூடாது. நம் நாட்டு நடப்பையே பார்ப்போம். 2016 பிப்ரவரியில் பினாங்குக் குழுவின் ஃபைஸ் சுப்ரி, பகாங் குழுவுக்கு எதிராக வெகு தூரத்திலிருந்து ஓர் உதை உதைத்தார். பந்து ஒரு பக்கம் போவதுபோல் போய், காற்றிலேயே வளைந்து மறுபக்கம் திரும்பி வலைக்குள் புகுந்தது. உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா, அந்த ஆண்டின் மிகச் சிறந்த கோலுக்கான புஸ்காஸ் விருதுக்கு ரசிகர்களின் ஓட்டைக் கேட்டது. 59.46 விழுக்காடு ஓட்டுகள் பெற்று ஃபைஸ் சுப்ரி வென்றார். 2017 ஜனவரியில் சூரிக் நகரில் விருது வாங்கினார். கோல் அற்புதமான கோல்தான், அதில் ஐயமில்லை. ஆனால் நாம் நெஞ்சைத் தொட்டு ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதே கோலை, சில ஆயிரம் பேரே வாழும் ஒரு சின்னத் தீவின் ஆட்டக்காரர் போட்டிருந்தால் அவருக்கு அத்தனை ஓட்டு விழுந்திருக்குமா? பிந்திய ஆண்டுகளில் ஃபிஃபாவும் ரசிகர் ஓட்டோடு மூத்த ஆட்டக்காரர்களின் ஓட்டையும் சேர்த்துக்கொண்டது.

இந்தச் சிக்கலில் அதிகம் அடிபட்டவர்கள் அமெரிக்கக் கல்லூரிக் குழுக்கள். அங்கே காற்பந்து என்றால் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். மேல்மட்டத்தில் மட்டும் 130க்கும் மேற்பட்ட கல்லூரிக் குழுக்கள் உண்டு. ஒரு பருவத்தில் ஒரு குழு ஆடுவதோ பன்னிரண்டு ஆட்டம் போல. எல்லாரும் எல்லாரோடும் மோத முடியாது. ஆகவே 1936 முதல் அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி நிறுவனம், பத்திரிகையாளர்களை ஓட்டுப் போடச் சொல்லி வாரந்தோறும் தரவரிசை வெளியிடுகிறது. 1950 முதல் பயிற்றுநர்களுக்குத் தனி ஓட்டு. 1997ஆம் ஆண்டுப் பருவத்தில் மிச்சிகன், நெப்ராஸ்கா என்ற இரண்டு குழுக்களும் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. பத்திரிகையாளர் மிச்சிகனை முதல் என்றார்கள். பயிற்றுநர்கள் நெப்ராஸ்காவை முதல் என்றார்கள். இருவரும் நேருக்கு நேர் மோதவே இல்லை!

பிறகு நான்கு குழுக்களைத் தேர்ந்து மோதவிடும் முறை 2014இல் வந்தது. அந்த நால்வரைப் பதின்மூன்று பேர் கொண்ட குழு தேர்ந்தெடுத்தது. 2023இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் பதின்மூன்று ஆட்டங்களில் பதின்மூன்றும் வென்றும் அந்த நால்வரில் இடம் பெறவில்லை. அதன் முக்கிய ஆட்டக்காரர் காயப்பட்டதால் குழு பலமிழந்துவிட்டது என்று காரணம் சொன்னார்கள். ஒரு முறை தோற்ற குழுக்கள் இரண்டு உள்ளே போயின. அடுத்த ஆண்டு, 2024இல், நான்கு இடம் பன்னிரண்டு இடமாக விரிந்தது.

ஆக, ரசிகர் ஓட்டும் தவறும், நிபுணர் ஓட்டும் தவறும். அப்படியானால் நமக்கு வழி என்ன? நான்கு படிகள் சொல்கிறோம். பெரிய படிப்பு வேண்டாம். கூட்டல் தெரிந்தால் போதும்.

முதற்படி: ஒரே பெயரை எழுதாமல், வரிசையாக எழுதுவது. 1770ஆம் ஆண்டிலேயே போர்டா என்ற பிரெஞ்சு அறிஞர் சொன்ன வழி இது. முதலிடத்துக்கு இத்தனை புள்ளி, இரண்டாம் இடத்துக்கு அதைவிட ஒன்று குறைவு, அப்படியே இறங்கி வருவது. அசோசியேட்டட் பிரஸ் இன்று செய்வதும் இதுதான். இருபத்தைந்து குழுக்களை வரிசைப்படுத்தி, முதலிடத்துக்கு 25 புள்ளி, கடைசி இடத்துக்கு 1 புள்ளி. இதனால், எல்லாரும் இரண்டாம் இடத்தில் வைத்து மதிக்கும் குழுவுக்கும் உரிய மதிப்புக் கிடைக்கும்.

இரண்டாம் படி: தன் குழுவுக்குத் தான் ஓட்டுப் போடக்கூடாது. மற்றவர்களை மட்டும் வரிசைப்படுத்த வேண்டும். பொன் குஞ்சு ஆசை அங்கேயே அடங்கிவிடும்.

மூன்றாம் படி: எல்லாத் தோட்டத்துக்கும் சம எண்ணிக்கை. லாரி எத்தனை வந்தாலும் தோட்டத்துக்கு ஐந்து பேர்தான். அந்த ஐவரை யார் தேர்ந்தெடுப்பது? அங்கே நம் முன்னோர் வழி காட்டுகிறார்கள். சோழ நாட்டு உத்திரமேரூரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறு பிள்ளையைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். நாமும் அப்படியே செய்யலாம். எல்லா ஆட்டங்களையும் பார்த்தவர்களின் பெயர்களைத் தோண்டியில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஐந்து சீட்டு எடுக்கலாம். மர நிழலில் குந்தியிருந்து ஓர் ஆட்டம் விடாமல் பார்க்கும் பாட்டியின் பெயரும் அதில் இருக்கட்டும். அவர் கண்ணுக்குத் தப்பியது ஏதும் உண்டா?

கணக்கைப் பாருங்கள். ஆறு தோட்டம், தோட்டத்துக்கு ஐவர், மொத்தம் 30 பேர். ஒவ்வொருவரும் மற்ற ஐந்து குழுக்களை வரிசைப்படுத்தி 5, 4, 3, 2, 1 என்று புள்ளி இடுவார். ஒரு தாளில் மொத்தம் 15 புள்ளி. முப்பது தாளிலும் 450. எண்ணி முடித்த பிறகு ஆறு குழுக்களின் புள்ளிகளையும் கூட்டினால் 450 வரவேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை. மீண்டும் எண்ணுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் 25 பேர் புள்ளி இட்டிருப்பார்கள். சிறிய தோட்டத்தைப் பத்துப் பேர் முதலிடத்திலும், பத்துப் பேர் இரண்டாவதாகவும், ஐந்து பேர் மூன்றாவதாகவும் வைத்தால், 50, 40, 15 சேர்ந்து 105 புள்ளி. இரண்டு லயம் உள்ள தோட்டம் என்று தாளுக்குத் தெரியாது.

நான்காம் படி: வஞ்சத்தைத் தடுப்பது. எதிரியான குழு நன்றாக ஆடினாலும் அதை வேண்டுமென்றே கடைசியில் எழுதுகிறவர்கள் இருப்பார்கள். தம் முறை நேர்மையானவர்களுக்கே ஏற்றது என்று போர்டாவே ஒப்புக்கொண்டதாகச் சொல்வார்கள். இதற்கு மருந்து உண்டு. நீச்சல் குளத்தில் உயரத்திலிருந்து பாயும் போட்டியில், நடுவர்கள் இட்ட புள்ளிகளில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் தள்ளிவிடுவார்கள். நாமும் ஒரு குழுவுக்கு மற்ற ஐந்து தோட்டங்கள் கொடுத்த புள்ளிகளைத் தனித்தனியே கூட்டி, அதிகம் கொடுத்த தோட்டத்தையும் குறைவாகக் கொடுத்த தோட்டத்தையும் தள்ளிவிட்டு, நடுவில் உள்ள மூன்றை மட்டும் சேர்க்கலாம். அளவு மீறிய அன்பும் போயிற்று, அளவு மீறிய பகையும் போயிற்று.

தாள்களை எல்லார் முன்னிலையிலும் பிரித்து, எந்தத் தோட்டத்துத் தாள் என்று சொல்லி உரக்கப் படியுங்கள். எழுதியவர் பெயர் மட்டும் வேண்டாம். பொதுத் தேர்தல் ஓட்டு இரகசியமாக இருப்பது, ஏழை யாருக்கும் அஞ்சாமல் இருப்பதற்காக. இதுவோ தீர்ப்பு. தீர்ப்புக்குத் தோட்டம் பொறுப்பேற்க வேண்டும். ஆனால் அதனால் லயத்தில் ஒரு குடும்பத்தோடு சண்டை வரக்கூடாது.

இன்று காலம் மாறிவிட்டது. பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது, தாமான் வீடுகள் நிற்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அலோர் காஜா, மெர்லிமாவ், மலாக்காப் பட்டணம் என்று குடிபோய்விட்டார்கள். டின்னில் துண்டுத்தாள் போடும் இடத்தில் கைப்பேசிப் புலனக் குழு வந்திருக்கிறது. ஆனால் பழைய கதைதான். யாருக்கு நண்பர்கள் அதிகமோ அவர் குழுவே சிறந்த குழு. ஒருவரே மூன்று எண்களில் ஓட்டுப் போடவும் வழி உண்டு. கருவி புதிதானால் மட்டும் நியாயம் வந்துவிடாது.

ஒன்றை மறக்க வேண்டாம். பந்து தீர்க்கக்கூடியதைத் தாளிடம் கொடுக்கக்கூடாது. ஆறு குழுக்கள் ஒன்றோடொன்று மோத 15 ஆட்டம் போதும். ஞாயிறுக்கு இரண்டு ஆட்டம் வைத்தால் எட்டு வாரம். அதற்கு வசதியிருந்தால் ஆடியே முடியுங்கள். நேருக்கு நேர் வென்றவர் இருக்கும்போது அந்த வெற்றியை எந்த ஓட்டும் அழிக்கக்கூடாது. மழையோ செலவோ குறுக்கிட்டால் மட்டும் ஓட்டு. அந்த ஓட்டின் விதிகளையும் முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதி, கோயில் சுவரிலோ மண்டபத்திலோ ஒட்டிவிடுங்கள். மழை வந்த பிறகு செய்யும் விதி யாரோ ஒருவருக்குக் குடை பிடிக்கும்.

ஒரு கிண்ணத்துக்கு இத்தனை பாடா என்று கேட்கலாம். 1980 ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் மலேசியாவின் கோல் காத்த ஆறுமுகமும், 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்ற மலேசியக் குழுவின் பயிற்றுநர் ராஜகோபாலும் என்றோ ஒரு நாள் ஒரு சிறிய திடலில் யாரோ ஒருவர் கண்ணில் பட்டவர்களே. நம் பிள்ளையும் அப்படிக் கண்ணில் படவேண்டுமானால், அவன் ஆடும் குழு பட்டணம் வரை போகவேண்டும். நியாயமில்லாத ஓட்டு அந்த வழியை அடைத்துவிடும்.

ஆகவே பெற்றோர்களே, அடுத்த போட்டிக்குக் கூட்டம் கூடும்போது எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மழை பெய்தால் எப்படி முடிவு செய்வீர்கள்?" கூட்டலை உங்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். 450 வருகிறதா என்று அவர்கள் பார்த்துச் சொல்லட்டும். தோற்றாலும் நியாயமாகத் தோற்றோம் என்று தெரிந்த பையன், மறு ஆண்டும் பந்தைத் தூக்கிக்கொண்டு திடலுக்கு வருவான்.