மருந்துக்கு அடங்காத கிருமிகள்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவிலே பள்ளித் தலைமையாசிரியர் நோயைப் பற்றி உரையாற்ற வந்ததேன் என நீங்கள் வினவலாம். காரணம் உண்டு. எம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பயின்ற மாணவன் ஒருவன் ஒரு திங்களுக்கு மேலாக வரவில்லை. வீடு தேடிச் சென்றோம். அறுவடையின்போது அரிவாள் பட்ட புண்ணில் சீழ் கட்டி, அவன் தந்தையார் மருத்துவமனையில் கிடந்தார். முதலில் அளித்த மருந்துகள் பயன் தரவில்லை. சீழை ஆய்வுக்கூடத்திற் சோதித்து, அக்கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று அறிந்த பின்னரே புண் ஆறத் தொடங்கியது. கால் பிழைத்தது. ஆனால் கூலி போயிற்று, கடன் ஏறிற்று, மகன் செங்கற் சூளைக்குச் சென்றான்.

மருத்துவமனைக்குச் செல்லுமுன் அவர் கடையிற் கேட்டு வாங்கி விழுங்கியவை நான்கு மாத்திரைகள். அவையே காரணம் என்று யாம் அறுதியிட்டுக் கூறோம். அத்தகைய கிருமி மருத்துவமனையிலும் தொற்றியிருக்கலாம். எனினும் இக்கேடு எவ்வாறு வளர்கிறது என்பதை நாம் அறிந்தே ஆகவேண்டும்.

பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கிற் பெருகுபவை. அவற்றுள் மருந்தைத் தாங்கவல்ல சில இருக்கக்கூடும். மருந்து ஏனையவற்றைக் கொன்றபின் தாங்கியவை தடையின்றிப் பெருகுகின்றன. அவ்வல்லமையைப் பிற பாக்டீரியாக்களுக்கும் கடத்துகின்றன. 1928ஆம் ஆண்டில் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே, போதாத அளவில் மருந்துண்பதால் விளையும் இத்தீங்கினை எச்சரித்தார். 2019ஆம் ஆண்டில் மட்டும் இத்தகைய பாக்டீரியாக்களால் உலகெங்கும் நேரடியாக இறந்தோர் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர்.

மருத்துவமனையில் இவ்விடர் மிகுதி. ஆங்கே உடல் தளர்ந்தோர் பலர் அருகருகே கிடக்கின்றனர். அறுவைப் புண், சிறுநீர்க் குழாய், செயற்கைச் சுவாசக் கருவி ஆகியவை கிருமிக்கு வாயில் திறக்கின்றன. கழுவாத கைகள் அதனை ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குச் சுமக்கின்றன. 1847இல் வியன்னா நகர மருத்துவமனையிலே செம்மல்வெய்ஸ் என்னும் மருத்துவர், பிணங்களை ஆய்ந்த கையோடு மகப்பேறு பார்க்க வந்தவர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கை கழுவச் செய்தார். தாய்மாரின் சாவு பெரிதும் குறைந்தது.

இங்கே ஒன்று கூற விழைகின்றோம். மருத்துவமனைகளைக் கழுவித் துடைப்போர், குருதி தோய்ந்த துணிகளையும் ஊசிகளையும் அள்ளுவோர் நம்மவருள் பலர். அவர்தம் துடைப்பமும் நோயாளியின் உயிரைக் காக்கும் கருவியே. கையுறையும் காலணியும் பயிற்சியும் தடுப்பூசியும் அவர்களுக்கு அளிக்கப்படவேண்டும் என 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் கூறுகின்றன. அவை எவரும் இரங்கி ஈயும் சலுகையல்ல, உரிமை. அதனைக் கேட்டுப் பெறும் துணிவு கல்வியால் வருவது.

ஒரு நாள் மருத்துவமனை வாயிலில் நின்றால் ஒரு நாட் கூலி போகும். அதனாலன்றோ நம் மக்கள் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி அமைகின்றனர்! அவர்களைக் குறை கூறுதல் எம் நோக்கமன்று. இளைஞர்களே, நீங்கள் அவர்களுக்குத் துணை நில்லுங்கள். சளிக்கும் பெரும்பாலான தொண்டை வலிக்கும் காரணம் வைரஸ். அதனை இம்மருந்துகள் கொல்லா என்று எடுத்துரையுங்கள். சிவப்புக் கோடிட்ட மருந்து அட்டையை மருத்துவர் சீட்டின்றி வாங்க வேண்டாம் எனச் சொல்லுங்கள். மருத்துவர் குறித்த அளவும் நாளும் தாமே மாற்றலாகாது. திங்கள் கணக்கில் உண்ணவேண்டிய காசநோய் மருந்தினை இருமல் நின்றதும் நிறுத்துவோர், அடங்காத காசநோய்க்கு வழி திறக்கின்றனர். நோயாளியைக் காணச் செல்வோர் கட்டிலருகே செல்லுமுன்னும் மீண்டபின்னும் சோப்பிட்டுக் கை கழுவுக.

அம்மாணவன் பள்ளிக்குத் திரும்பிவிட்டான். ஆனால் சூளைக்குச் சென்ற பிள்ளைகள் எல்லாரும் திரும்புவதில்லை என்பதைப் பல்லாண்டுகளாகக் கண்டு வருகின்றோம். ஒரு வீட்டில் நோய் நீளுமாயின் ஒரு பிள்ளையின் படிப்பு அறுகின்றது. ஆகவே கல்வியைக் காக்கப் புறப்பட்ட இச்சங்கம் மருந்தின் வலிமையையும் காத்தல் வேண்டும் எனக் கேட்டு அமைகின்றோம்.